36 ஃபாதர்களும் ஒரு பிரியாணிப் பொட்டலமும்

"கணக்கு கிளாஸ் ஒண்ணு எடுக்கணும், வர்றியா?" என்று போனில் கேட்டதும் ஏதோ டியூஷன் சென்டர் என்றுதான் நினைத்தேன்.

"எத்தனை பசங்க?"

"முப்பத்தாறு பேர். சின்னவனுக்கு 29 வயசு. பெரியவருக்கு 78."

"விளையாடாதடா. யாரு இவங்க?"

"எல்லாம் சாமியாருங்க."

போன் செய்தவனும் சாமியார்தான். காவி இல்லை, வெள்ளை அங்கி. கத்தோலிக்கப் பங்குத் தந்தை. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் என்னோடு பி.காம். படித்தவன். மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். டெபிட் எது, கிரெடிட் எது என்று இருவரும் ஒன்றாகவே குழம்பி, ஒன்றாகவே தெளிந்தோம். டிகிரி முடித்து நான் ஆம்பூரில் ஒரு தோல் ஏஜென்டிடம் கணக்கு எழுத உட்கார்ந்தேன். அவன் குருமடத்துக்குப் போனான். தனியாக இருந்தால் 'டா' போடுவேன். நாலு பேர் எதிரில் 'ஃபாதர்'. பேர், ஊர், பங்கு, மறைமாவட்டம் நாலையும் எழுத மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் இந்தக் கட்டுரைக்கே சம்மதித்தான். ஆகவே இங்கே அவன் வெறும் நண்பன்.

விஷயம் இதுதான். ஏலகிரி மலையில் ஒரு தியான இல்லம். வருஷத்துக்கு ஒரு தடவை குருக்கள் அங்கே கூடுகிறார்கள். முதல் மூன்று நாள் வகுப்பு, அடுத்த ஆறு நாள் தியானம். வகுப்புக்கு 'தொடர் உருவாக்கம்' என்று பெயர். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ரெஃப்ரஷர் கோர்ஸ். தியானத்துக்குப் பழைய பெயர் 'ஞான ஒடுக்கம்'. 'சாமி ஒடுக்கத்துக்குப் போயிருக்காரு' என்று வயசானவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். மார்ச் 31 நெருங்கினால் நாங்கள்கூட பேரேட்டுக்கு முன்னால் அப்படித்தான் ஒடுங்குகிறோம்!

"கன்வேயன்ஸ் உண்டா?"

"சாப்பாடு உண்டு."

கமர்ஸ் படித்தவன் இதற்கெல்லாம் வருத்தப்படக் கூடாது. கிளம்பிவிட்டேன்.

ஆம்பூர்க்காரன் வெளியூருக்கு வெறுங்கையோடு போனால் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். காலை பதினொன்றரைக்கு முதல் தம் உடைத்ததும் மட்டன் பிரியாணி ஒன்று, கூடவே கத்தரிக்காய் தொக்கு, வாழையிலையில் சுற்றி நியூஸ் பேப்பரில் கட்டி வாங்கிக்கொண்டேன். நண்பனுக்கு உயிர். இந்தப் பொட்டலம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி தாண்டும் வரை பஸ் ஜன்னலில் அங்கங்கே அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு அது வாசனை, வெளியூர்க்காரர்களுக்கு நாற்றம், முதலாளிகளுக்கு டாலர். பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்த்த தலைமுறை வேறு. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான் 1996-ல் சுப்ரீம் கோர்ட், 'கெடுத்தவன்தான் செலவைக் கட்டணும்' என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்னது. பாலாறு பாலமாகப் பார்த்துக்கொண்டே போகும்போது எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும். அன்றும் வந்தது.

பொன்னேரியில் மலை பஸ். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், கடையேழு வள்ளல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அள்ளி அள்ளிக் கொடுத்த ஒரு வள்ளலின் வளைவில் எனக்கு முன் சீட்டுக்காரர் தானும் ஜன்னல் வழியே அள்ளிக் கொடுத்தார். சுமார் 1,100 மீட்டர் உயரம் ஏறி இறங்கியபோது காற்றில் பலாப்பழ வாசனை. தோல் வாசனை என் சட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது.

ஏலகிரியில் கிறிஸ்தவ இல்லங்கள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. கீழே திருப்பத்தூர், வேலூர் பக்கமெல்லாம் சலேசியர் என்ற துறவற சபை நெடுங்காலமாக வேரூன்றிய இடம். இத்தாலியின் தூரின் நகரத்தில் டான் போஸ்கோ ஆரம்பித்த சபை. 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து இறங்கி, இந்தியா முழுக்கப் பரவியது. எங்கள் கல்லூரியை 1951-ல் ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான். மறு வருஷம், 1952 நவம்பர் 13-ல், சென்னையில் இருந்து பிரித்து வேலூர் மறைமாவட்டம் உண்டாக்கப்பட்டது. சரித்திரம் போதும். மூன்று மணிக்கு கிளாஸ்!

ஹாலில் நுழைந்ததும் எனக்குக் கால் லேசாக உதறியது. 36 பேரும் எழுந்து நின்றார்கள். வாழ்க்கையில் எனக்கு எழுந்து நின்ற முதல் கிளாஸ் அதுதான். பாதிப் பேர் அங்கி போடவில்லை. பேண்ட், டி ஷர்ட், ஒருவர் லுங்கி. லுங்கிக்காரர்தான் அந்த 78 வயசுப் பெரியவர். பங்குப் பொறுப்பில் இருப்பவர் 75 வயதில் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அவர் கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறார். 'வகுப்புக்கு வரணும்னு எனக்கு இனிமே கட்டாயமில்ல தம்பி, காப்பி நல்லா இருக்கும்னு வந்தேன்' என்றார்.

நான் ஒரு குண்டை வைத்திருந்தேன். அதை முதலில் போட்டேன். "நீங்களும் நானும் ஒரே கம்பெனி, ஃபாதர். இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கினவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி. லூக்கா பச்சோலி. 1494, வெனிஸ். முதல் கணக்குப் புத்தகத்துல சிலுவை போட்டுட்டு ஆரம்பிக்கச் சொன்னவர் அவர்."

ஹாலில் ஒரு சலசலப்பு. நாம் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி! பெரியவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"அவரு சிலுவையைப் போட்டாரு. எங்க தலையில கணக்கைப் போட்டாரு."

அதற்குப் பிறகு கிளாஸ் என் கையில் இல்லை.

29 வயசு இளம் குரு ஒருவர் எழுந்தார். "உண்டியல் மேல க்யூ.ஆர். கோட் ஒட்டலாமா சார்?" ஒட்டலாமே, யார் பேரில் அக்கவுண்ட் என்று கேட்டேன். "என் பேர்லதான்." அய்யோ! அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் இன்னொரு அரை மணி. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணம் எதுவானாலும் முதலில் டில்லியில் ஸ்டேட் பாங்க்கின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆகிவிட்டது என்றதும் நாலு பேர் முகம் தொங்கியது. கிராமத்தில் போர்டிங் நடத்துகிறவர்கள் போலிருக்கிறது.

வருமான வரி என்றதும் பழைய சண்டை ஒன்று கிளம்பியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்க்கிற துறவிகள், கன்னியாஸ்திரிகள் சம்பளத்தில் டி.டி.எஸ். பிடிக்கலாமா? சம்பளம் அப்படியே சபைக்குப் போய்விடுகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் சட்டப்படி 'இறந்தவர்' மாதிரி. இறந்தவருக்கு ஏது வருமானம்? இதுதான் அவர்கள் தரப்பு வாதம். 2024 நவம்பர் 7-ல் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்காமல், பிடித்தம் செய்யலாம் என்று முடித்துவிட்டது. 'வார்த்தைப்பாடு கடவுள்கிட்ட, பான் கார்டு கவர்மென்ட்கிட்ட' என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்த மறைமாவட்டக் குரு, 'எங்களுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடே கிடையாது, ஏழ்மை மட்டும்தான் இருக்கு' என்றார். பலத்த சிரிப்பு.

சொல்லிக் கொடுக்கப் போன நான்தான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். பூசைப் பணம் என்று ஒன்று இருக்கிறது. செத்துப்போன அப்பாவுக்காக, பிள்ளை பாஸாக வேண்டும் என்று, ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி மக்கள் தருகிற காணிக்கை. ஒரு குரு ஒரே நாளில் மூன்று பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தனக்கு வைத்துக்கொள்ளலாமாம். எத்தனை வந்தது, என்ன கருத்து, எவ்வளவு காணிக்கை, நிறைவேற்றியாச்சா என்று தனி நோட்டு எழுத வேண்டும். அந்த நோட்டை வருஷா வருஷம் ஆயரோ அவர் அனுப்பும் ஆளோ பார்க்க வேண்டும். 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இதெல்லாம் நம்பர் போட்டு இருக்கிறது. எங்கள் முதலாளியிடம் இப்படி ஒரு நோட்டு போடச் சொன்னால் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டு மறு காரியம் பார்ப்பார்.

பெரியவர் மறுபடி கை தூக்கினார். "எங்க காலத்துல கேழ்வரகு, நெல்லு, கோழின்னு குடுப்பாங்க. கோழியை எந்த ஹெட்ல எழுதறது?"

"ஸ்டாக் இன் ஹேண்ட், ஃபாதர்."

"ராத்திரியே செலவாயிடுமே!"

கடைசியாக, அதுவரை வாயே திறக்காத என் நண்பன் எழுந்தான். எல்லார் எதிரிலும் 'சார்' போட்டான். "ஒரு காரியத்துக்குன்னு வாங்கின பணத்தை வேறொரு காரியத்துக்குச் செலவு பண்ணிட்டா எப்படிக் காட்டறது, சார்?"

எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. போர்டில் ஜோராக ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டேன். ஒரு நிதியில் இருந்து இன்னொரு நிதிக்குக் கடன். வருஷக் கடைசியில் நேர் செய்துகொள்ளலாம். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவன் எழுதவில்லை.

ஐந்தரைக்கு முடித்து, காப்பி குடித்து (பெரியவர் சொன்னது உண்மை), பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினால், பஸ் பாதி மலையில் படுத்துவிட்டது, இனி காலையில்தான் என்று தகவல். ஆக, வகுப்பெடுக்க வந்தவன் ஞான ஒடுக்கத்தில் மாட்டிக்கொண்டேன். "ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கோ. ஏழு மணிக்கு மணி அடிப்பாங்க. அதுக்கப்புறம் ஆறு நாளைக்கு யாரும் பேச மாட்டோம். நீ எதுவும் கேக்காதே" என்றான் நண்பன். "வா, அதுக்குள்ள ஒரு நடை."

பலா மரங்களுக்கு நடுவில் ஒரு பாதை. அவன் வேகமாக நடந்தான். கல்லூரியில் ரிசல்ட் வருகிற அன்றைக்கு நடப்பானே, அப்படி.

"நான் கேட்டது சும்மா இல்லடா" என்றான்.

அவன் பங்கில் மணிக்கூண்டு கட்ட ஜனங்களிடம் வசூல். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற பெண்கள், தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்கள் நூறும் ஐம்பதுமாகக் கொடுத்த பணம். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அம்மா வந்தாள். பையனுக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ், மறுநாள் கடைசித் தேதி, 18,000 ரூபாய். புருஷன் இல்லை. அவன் பீரோவைத் திறந்தான். அதில் மணிக்கூண்டு பணம்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தான். ஓவர்டைம் செய்து ஆறு மாதத்தில் அடைத்துவிடுகிறேன் என்றாள். 2025 ஆகஸ்டில் அமெரிக்காக்காரன் இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றினானே, எங்கள் பக்கத்து ஏற்றுமதிக் கம்பெனிகளெல்லாம் கலங்கிப் போயின. ஓவர்டைம் போச்சு. அந்த அம்மா கோயிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள், அவனைப் பார்க்கக் கூச்சப்பட்டு.

"இதுல என்னடா தப்பு? நல்லதுதானே பண்ணியிருக்கே?"

"சட்டப்படி தப்பு. ஒரு நோக்கத்துக்குன்னு விசுவாசிங்க குடுத்ததை அந்த நோக்கத்துக்குத்தான் செலவு பண்ணணும். அதுகூடப் பரவால்ல." நின்றான். "நிதிக் குழு கணக்கு கேட்டப்போ நான் ஒரு வவுச்சர் எழுதினேன். 'சிமென்ட் அட்வான்ஸ், ரூபாய் 18,000'. நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு. பாவம் போச்சு. வவுச்சர் ஃபைல்ல இருக்குடா."

கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் நான் கணக்கு எழுதுகிறவன்தானே. வாய் தானாக ஆரம்பித்தது. "18,000தானே. கைல இருந்து போட்டுட்டு அந்த வவுச்சரைக் கிழிச்சுடு. ஆடிட்டர் ஜென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டார். நான் எத்தனை…"

டாண்… டாண்… என்று மணி அடித்தது. அவன் என்னைப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்தான். போய்விட்டான். வாழ்க்கையில் பாதியில் நின்ற என் புத்திமதி அது ஒன்றுதான்.

வாசலில் ஒரு மேஜை. மேஜை மேல் காய்கறிக் கூடை. கூடைக்குள் 36 செல்போன்கள், முதுகில் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு. இல்லத்துச் சகோதரர் என்னைப் பார்த்துக் கூடையைக் கண்ணால் காட்டினார். 'கட்டாயமில்லை' என்று தோளையும் குலுக்கினார். நான் போட்டேன். அடுத்த பத்து நிமிஷத்தில் நாலு தடவை பாக்கெட்டைத் தடவிக்கொண்டேன். கூடைக்குள் ஏதோ ஒரு போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. யாருடைய பங்கில் யாருக்கு என்ன அவசரமோ? அவசர விஷயத்துக்கு ஆபீஸ் போன் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தியானம் கொடுக்க வந்தவர் ஒரு சேசு சபைக் குரு. ஒல்லியாக, ரிடையர்டு போஸ்ட் மாஸ்டர் மாதிரி இருந்தார். இந்தத் தியான முறையை வகுத்த இஞ்ஞாசியார் ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521-ல் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்தார். படுத்த இடத்தில் புத்தி மாறியது. மறு வருஷம் மன்ரேசா என்ற ஊரில் மாதக் கணக்கில் தங்கித் தனியாக உட்கார்ந்து யோசித்ததைக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புதான் புத்தகமாகி, 1548-ல் போப்பின் ஒப்புதல் பெற்றது. முழுசாகச் செய்தால் 30 நாள். எட்டு நாள், ஆறு நாள் என்று சுருக்கியும் செய்கிறார்கள். குருக்கள் இப்படித் தியானம் செய்ய வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

இதெல்லாம் நான் தூங்கிக்கொண்டே கேட்டேன். அடுத்து அவர் சொன்னதில் தூக்கம் போயிற்று.

இஞ்ஞாசியார் ஒரு சார்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார்! உங்களிடம் இருக்கிற ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மதியச் சாப்பாடு ஆனதும் காலையில் இருந்து எத்தனை தடவை விழுந்தோம் என்று எண்ணி, முதல் கோட்டில் அத்தனை புள்ளி. ராத்திரி சாப்பிட்டதும் இரண்டாவது கோட்டில். பிறகு முதல் கோட்டையும் இரண்டாவதையும் ஒப்பிட வேண்டும். இன்றையும் நேற்றையும். இந்த வாரத்தையும் போன வாரத்தையும். புள்ளி குறைகிறதா?

ஸார், இது அப்பட்டமான கணக்குப் புத்தகம்! பச்சோலி புத்தகம் போட்டபோது இஞ்ஞாசியார் மூன்று வயசுக் குழந்தை. ஒருவர் வியாபாரிக்குச் சொன்னதை இன்னொருவர் ஆத்மாவுக்குச் சொல்லிவிட்டார் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா தெரியவில்லை, நான் எழுதிவிட்டேன். அந்த ஹாலிலேயே என் குறை எது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

எட்டு மணிக்குச் சாப்பாடு. நீள மேஜைகள். ஸ்பீக்கரில் மெல்லிசாக வீணை. 36 பேரும் தலை குனிந்து ரவா உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் பைக்குள் இருந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. இந்நேரம் பிரிக்காவிட்டால் வீண்.

நியூஸ் பேப்பர் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. சர்… சரக்… சரசரக். நூலை இழுத்தேன். 'டப்'. வீணை வாசித்தவரே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. இலையை விரித்ததும் சத்தம் நின்றது, வாசனை ஆரம்பித்தது. சீரக சம்பா, பட்டை, மட்டன். வரிசையாகத் தலைகள் நிமிர்ந்தன. யாரும் பேசவில்லை. பேசக் கூடாதே! ஒரு ஹால் நிறையச் சாமியார்கள் ஒரு பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

லுங்கிப் பெரியவர் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து என் எதிரில் நீட்டினார். ஒரு கரண்டி வைத்தேன். தட்டு நகரவில்லை. ஒரு பீஸும் வைத்தேன். தலையை ஆட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். அப்புறம் வரிசை நின்றுவிட்டது. தலைக்கு ஒரு வாய்தான் கிடைத்திருக்கும். தியானம் கொடுக்கிறவரும் வந்தார்.

என் நண்பன் மட்டும் வரவில்லை. மூலையில் உப்புமாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. போன் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை மேல் இருந்த புத்தகத்தைப் புரட்டினேன். 1992-ல் இரண்டாம் ஜான் பால் போப் குருக்களின் பயிற்சி பற்றி எழுதிய நீண்ட கடிதத்தின் மொழிபெயர்ப்பு. குருப்பட்டம் வாங்கிய அன்றோடு படிப்பு முடிந்துவிடவில்லை, சாகும் வரை தொடர வேண்டும் என்பதற்கு ஒரு முழு அத்தியாயம். நியாயம்தான். குருமடத்தில் வருஷக் கணக்கில் கூட்டமாக வளர்த்து, முப்பது வயசில் ஒரு ஊரில் ஒரு பெரிய வீட்டில் தனியாக விட்டுவிடுகிறார்கள். ஊரில் எல்லோரும் அவனிடம் வந்து சொல்கிறார்கள். அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? எனக்காவது வீட்டுக்குப் போனால், 'மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்க ஒரு ஆள் உண்டு.

ஒரு குறையும் தோன்றியது. மூன்று நாள் வகுப்பில் நான் ஒருவன், ஷுகர் பிரஷர் பற்றிப் பேச ஒரு டாக்டர், மற்றதெல்லாம் அவர்களுக்குள்ளேயே. பங்கு மக்களில் நாலு பேரைக் கூப்பிட்டு, 'எங்கள் சாமியார் எப்படி?' என்று ஒரு பீரியட் வைத்திருக்கலாம். மணிக்கூண்டுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்த ஒரு அம்மா அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தால் நான் போர்டில் அந்த ஜர்னல் என்ட்ரியை அவ்வளவு ஜோராகப் போட்டிருப்பேனா?

வீரமாமுனிவர் ஞாபகம் வந்தது. அவரும் சேசு சபைதான். வேதம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார்கள் எப்படி நடக்க வேண்டும் என்று 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அதே கையால் பரமார்த்த குருவையும் எழுதினார்! ஆறு தூங்கிவிட்டதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்துவிட்டுத் தாண்டின குரு. இரண்டையும் எழுதினவர் கெட்டிக்காரர்.

காலை ஆறு மணிக்குச் சிற்றாலயத்தைத் தாண்டிப் போனேன். உள்ளே ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில். கீழே பனி. கூடையில் இருந்து என் போனை எடுத்துக்கொண்டேன். ஒன்பது மிஸ்டு கால், எல்லாம் முதலாளி. உலகம் அழியவில்லை.

கேட் பக்கம் நண்பன் நின்றிருந்தான். பேசவில்லை. சட்டைப் பையில் ஒரு மடித்த காகிதத்தைச் செருகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். பஸ்ஸில் ஏறிப் பிரித்தேன். இரண்டு கோடு போட்டு, முதல் கோட்டில் ஒரே ஒரு புள்ளி. அதன் கீழே அவன் கோழிக்கிறுக்கல்: 'கிழிக்கலை. குழுவில் சொல்லப் போறேன். பிரியாணியைக் கண்ணெதிரே தானம் பண்ணினதை மன்னிக்க மாட்டேன்.'

ஒரு மாதம் கழித்து போன் வந்தது.

"சொல்லிட்டேன்டா. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்கப்புறம். வவுச்சரை டேபிள் மேல வெச்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒருத்தர் அழுதுட்டார். ஒருத்தர் ஆயருக்கு எழுதறேன்னார். நானே எழுதிட்டேன்னேன். ஒருத்தர் பணத்தைப் பத்திக் கேக்கவே இல்ல. யாருக்குக் குடுத்தேன்னுதான் கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன்னேன். அதுலதான் பெரிய சண்டை. இப்பவும் நாலு குடும்பம் பேசறதில்ல. அந்த அம்மா பேரை நான் சொல்லிடுவேன்னு நினைச்சாங்க போல."

"பணம்?"

"என் படியில இருந்து மாசம் 1,500 கட்டறேன். பன்னெண்டு மாசம். ரசீது போட்டுக் குடுத்தாங்க. 'மணிக்கூண்டு நிதி, பங்குச் சாமியாரிடமிருந்து'ன்னு. கோயில் பிள்ளைக்குக் கை நடுங்குது, எழுத மாட்டேங்கறார்."

கெடுத்தவன்தான் கட்டணும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதை அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. இன்னும் பதினொரு மாசம் பாக்கி.

"அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பையன் செகண்ட் இயர் போயிட்டான்" என்றவன், குரலை மாற்றிக்கொண்டு, "அடுத்த வருஷமும் கிளாஸ் எடுக்கணும்னு சொல்றாங்க. வர்றியா? பெரியவர் தனியா ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கார். 36 பொட்டலமாம். மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துடணுமாம்."

"பில்லை எந்த ஹெட்ல எழுதறது?"

"அதான் நீ சொல்லிக் குடுத்திருக்கியே! ஸ்டாக் இன் ஹேண்ட்."